சந்தைக்குப் போனேன்: ஆங்கில இறந்தகால வாக்கியமும் தமிழ் மாணாக்கரும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலத்தை நோக்கிச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் இருப்பது வேப்பூர். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையினால் சுற்றுவட்டாரம் முழுவதும் பெயர்பெற்ற இவ்வூரில், சனிக்கிழமை காலையில் ஒரு பிள்ளையை நிறுத்தி, நேற்று எங்கே போனாய் என்று வினவினால், ‘சந்தைக்குப் போனேன்’ என்று இரண்டே சொற்களில் விடை வந்துவிடும். அதே பிள்ளையிடம் அதே விடையை ஆங்கிலத்தில் வேண்டினால், ‘ஐ கோ மார்க்கெட்’ என்றோ, ‘ஐ ஆம் கோ டு மார்க்கெட்’ என்றோ, ‘எஸ்டர்டே மார்க்கெட் வென்ட்’ என்றோ வருவதே பெரும்பாலும் வழக்கம். ‘ஐ வென்ட் டு தி மார்க்கெட்’ என்னும் செம்மையான வாக்கியம் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே நாவில் நிலைபெறுகிறது. இப்பிழைகளைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையினால் அடித்துவிடுவது எளிது. ஆயினும் அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைத்துப் பொறுமையோடு ஆராய்வோமாயின், அவை மூன்றே இடங்களில் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காணலாம். வினையின் இறந்தகால வடிவம் ஓரிடம். ‘ஐ, ஹி, ஷி, இட்’ முதலிய பிரதிப்பெயர்கள் மற்றோரிடம். ‘டு, இன், ஆன், அட், ஃப்ரம்’ முதலிய முன்னிடைச்சொற்கள் பிறிதோரிடம்.

நம் இலக்கணப் பாடநூல்கள் இம்மூன்றையும் மூன்று அத்தியாயங்களாக, ஒன்றோடொன்று சம்பந்தமற்றவைபோல வைத்துக் கற்பித்து வந்திருக்கின்றன. என் அபிப்பிராயத்தில், தமிழ்ப் பிள்ளைக்கு இவை மூன்றும் ஒரே சிரமத்தின் மூன்று முகங்கள். காலம், இடம், வேற்றுமை என்னும் மூன்று பொருள்களையும் தமிழ் சொல்லின் கடைசியில் ஒட்டி வைக்கிறது. ஆங்கிலமோ அவற்றுள் இரண்டைப் பிரித்தெடுத்துத் தனிச் சொற்களாக்கி, பெயருக்கும் வினைக்கும் முன்னே நிறுத்துகிறது. மூன்றாவதாகிய காலத்தையும் வேண்டும்போது அவ்வாறே பிரித்துக்கொள்கிறது. இந்த ஓர் உண்மையைத் தெளிவாக உணர்த்திவிட்டால், பாதிப் பாரம் குறைந்துவிடும் என்பதே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது.

‘சந்தைக்குப் போனேன்’ என்பதையே எடுத்துப் பகுத்துப் பார்ப்போம். சந்தை என்பது பெயர். ‘கு’ என்பது நான்காம் வேற்றுமை உருபு. ‘போ’ என்பது பகுதி. ‘ன்’ என்பது இறந்தகாலத்தைக் காட்டும் இடைநிலை. ‘ஏன்’ என்பது பேசுவோன் தன்னையே குறிக்கும் தன்மை ஒருமை விகுதி. இவ்வைந்து உறுப்புகளையும் கடைசியிலிருந்து முதலை நோக்கிப் படித்துச் செல்க. ‘ஏன்’ என்பதற்கு ‘ஐ’, ‘ன்’ என்பதற்கு ‘டிட்’, ‘போ’ என்பதற்கு ‘கோ’, ‘கு’ என்பதற்கு ‘டு’, சந்தைக்கு ‘மார்க்கெட்’. ‘ஐ டிட் கோ டு தி மார்க்கெட்’ என்று ஒரு முழு ஆங்கில வாக்கியம் பிறந்துவிடுகிறது. (‘தி’ என்னும் சுட்டு நம் பாஷையில் இல்லாத ஒன்று, அதன் பிரயோகம் தனியே ஆராயத்தக்கது, இங்கே அதை ஒதுக்கி வைக்கிறேன்.) கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, இடவலமாக மாறியிருப்பதொழிய உறுப்புகளில் ஒன்றும் குறையவில்லை. பிறந்த அந்த ஆங்கில வாக்கியமும் வெறும் ‘போனேன்’ என்ற பொருளைத் தருவதன்று. நீ போகவே இல்லை என்று ஒருவன் மறுக்கும்போது, ‘போகத்தான் செய்தேன்’ என்று நாம் அழுத்திச் சொல்வோமே, அந்தப் பொருளைத் தருவது. அங்கே நாமும் ‘செய்’ என்னும் வினையைத்தான் துணைக்கு அழைக்கிறோம் என்பது கவனிக்கத்தக்கது. அழுத்தம் வேண்டாத சாதாரண வாக்கியத்தில் ‘டிட்’டும் ‘கோ’வும் ஒன்றுபட்டு ‘வென்ட்’ ஆகின்றன.

இத்தகைய ஒப்பீடு புதிதன்று. எதிர்த் திசையில் முன்பே செய்யப்பட்டிருக்கிறது. தமிழைக் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார்கள் தம் மொழிக்கும் நம் மொழிக்கும் உள்ள வேற்றுமையை எழுத்தில் வகுத்துக்கொண்ட பின்னரே தமிழில் தேர்ச்சி பெற்றனர். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜி. யு. போப் ஆங்கிலேயர்க்காகத் தமிழ்க் கைந்நூல் எழுதினார். நம் வேற்றுமை உருபு ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பிய மொழியின் முன்னிடைச்சொல் எது நேராகும், எங்கே நேராகாது என்று எடுத்துக்காட்டுவது இத்தகைய நூல்களில் இன்றியமையாத பகுதி. தமிழை அவர்கள் கற்பதற்கு இத்துணைத் துணையாயிருந்த ஒப்பீட்டை, ஆங்கிலத்தை நம் பிள்ளைகள் கற்பதற்கு நாம் முறையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஏன் என்பதை அறியக் கற்பித்தல் முறைகளின் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

சென்னை இராஜதானியில் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய நாள்தொட்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரையில், இலக்கணமும் மொழிபெயர்ப்புமே போதனையாயிருந்தன. நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், பிறகு ரென், மார்ட்டின் என்னும் இருவர் சேர்ந்து எழுதிய உயர்நிலைப்பள்ளி இலக்கணமும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டன. வாக்கியத்தைக் கண்டால் அதன் சொற்களுக்கு இலக்கணப் பெயர் சொல்லத் தெரிந்த மாணாக்கன், தானே ஒரு வாக்கியம் பேச வாய் திறக்கும்போது தடுமாறினான். இக்குறையை நீக்கப் புறப்பட்டதே வாக்கிய அமைப்பு முறை. இதன் பிறப்பிடம் நமக்கு மிகவும் சிந்திக்கத்தக்கது. ஹரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர் 1922இல் ஜப்பானுக்குச் சென்று, அங்குள்ள மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் காரியத்தில் ஈடுபட்டார். அவரோடு அங்கே உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஆங்கில வினைகள் எந்தெந்த வரிசையில் எந்தெந்த உறுப்புகளை ஏற்கின்றன என்பதை வகைப்படுத்தி, 1954இல் வெளியிட்ட நூலில் இருபத்தைந்து வினை அமைப்புகளாக வகுத்துக் காட்டினார். ஜப்பானிய மொழி வினையைக் கடைசியில் வைப்பது. வேற்றுமைப் பொருளைப் பெயருக்குப் பின்னே ஒட்டுவது. ‘நான்’, ‘அவன்’ என்னும் சொற்களை வேண்டாதபோது விட்டுவிடுவது. இம்மூன்றிலும் அது தமிழுக்கு ஒப்பானது. ஆங்கில வாக்கியத்தின் வரிசையே ஒரு பெரும் பாடம் என்ற ஞானம், வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் மக்களுக்குக் கற்பித்த ஆசிரியரிடத்தில் இத்துணைத் தெளிவாக உருப்பெற்றது தற்செயல் என்று என்னால் கருத முடியவில்லை.

அந்த முறை 1950களில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பாடத்திட்டம் சொற்பட்டியலாகவும் இலக்கண விதிகளாகவும் இராமல், எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் வாக்கிய அமைப்புகளின் வரிசையாக மாற்றி எழுதப்பட்டது. 1950களின் இறுதியில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க ஒரு மாபெரும் இயக்கம் தொடங்கப்பட்டது. முதலில் ஒரு சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் பலரைப் பயிற்றுவிக்க, அந்தப் பலர் தத்தம் வட்டாரங்களில் ஏனையோரைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. 1958இல் ஹைதராபாத்தில் ஏற்பட்ட மத்திய ஆங்கில நிறுவனமும், பின்னர்ப் பெங்களூரில் ஏற்பட்ட தென்னிந்திய வட்டார நிறுவனமும் இக்கொள்கைக்குக் கல்விச் சாலைகளாயின. ஹார்ன்பி இதே காலத்தில், 1959 முதலாக, அமைப்புச் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் கற்பிப்பதற்கென்றே நான்கு பாகங்கள் கொண்ட ஆசிரியர் கைந்நூலை வெளியிடலானார். அமைப்புச் சொற்கள் என்று அவர் சொல்வன நாம் இங்கே பேசும் பிரதிப்பெயர்களும் முன்னிடைச்சொற்களும் அவற்றின் இனத்தவையுமே.

கிராமத்து ஆசிரியர்கள் அக்காலத்தில் எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் மிகவும் மதிக்கிறேன். கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்’ என்று சொல்லி, பெஞ்சின்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டே ‘ஐ ஆம் புட்டிங் தி புக் ஆன் தி பெஞ்ச்’ என்று சொல்லி, வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் திரும்பச் சொல்லவைத்த அவ்வாசிரியர்கள், ஆங்கிலத்தை ஏட்டிலிருந்து இறக்கி வாய்க்குக் கொண்டுவந்தனர். ஆனால் அந்த முறையில் இரு குறைகள் இருந்தன. தாய்மொழியை வகுப்பில் இயன்றவரையில் விலக்க வேண்டும் என்பது அதன் நியமம்; ஆகையால், தமிழ் வாக்கியத்தின் கட்டமைப்பையும் ஆங்கில வாக்கியத்தின் கட்டமைப்பையும் ஒருங்கே வைத்துக் காட்டும் வாய்ப்பு அடியோடு இழக்கப்பட்டது. மற்றொன்று, கண்முன் நடத்திக் காட்டக்கூடியது எதுவோ அதுவே முதலில் என்ற கொள்கையினால், நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் வடிவமே ஆரம்பப் பாடமாயிற்று. இறந்தகாலம் வெகுநாள் காத்திருந்தது. பின்னாளில் எம்மவர் பலரும் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று வேண்டாத இடத்திலெல்லாம் அந்த வடிவத்தைக் கையாள்வதற்கு இந்த ஆரம்ப அப்பியாசமும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இறந்தகாலத்தை முற்படுத்த வேண்டும் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. ஆங்கில நிகழ்காலத்தில் ‘ஐ கோ’ என்பது ‘ஹி கோஸ்’ என்று மாறும். அந்த ஓர் எழுத்து எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளை அலைக்கழிக்கிறது. இறந்தகாலத்திலோ ‘ஐ வென்ட், யூ வென்ட், ஹி வென்ட், ஷி வென்ட், இட் வென்ட், வி வென்ட், தே வென்ட்’ என்று வினை சிறிதும் அசையாது நிற்கிறது. ‘வாஸ், வேர்’ என்னும் ஒரே ஓர் இணையைத் தவிர, ஆங்கில இறந்தகால வினை எதற்கும் திணை, பால், எண், இடம் என்ற வேறுபாடு கிடையாது. போனேன், போனாய், போனான், போனாள், போனார், போனது, போயின என்று ஒவ்வொருவர்க்கும் ஒரு விகுதி தேடிச் சொல்லும் நம் பிள்ளைக்கு இது பெரும் சலுகை. மேலும், பிள்ளை வகுப்புக்கு வரும்போதே சொல்வதற்கு வைத்திருப்பவை நேற்று நடந்தவைதாம். சந்தையில் கண்டது, வீட்டில் நடந்தது, வழியில் கேட்டது ஆகிய யாவும் இறந்தகாலத்தில் சொல்லத்தக்கவை.

வினை அசையாது நிற்கிறது என்பதிலேயே பிரதிப்பெயரின் அவசியமும் அடங்கியிருக்கிறது. ‘போனேன்’ என்ற மாத்திரத்தில் போனவன் யார் என்பது விளங்கிவிடுவதால், ‘நான்’ என்பதைத் தமிழ் விட்டுவிட முடிகிறது. ‘வென்ட்’ என்பது யாரையும் காட்டாமையால், ‘ஐ’ என்பதை ஆங்கிலம் ஒருபோதும் விட முடிவதில்லை. நாம் கடைசியில் செலுத்தும் கடனை அவர்கள் முதலிலேயே செலுத்துகிறார்கள் என்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

இறந்தகால வடிவங்களின் ஒழுங்கின்மையைப் பற்றிப் பலரும் அஞ்சுகின்றனர். அஞ்சுவதற்கு முகாந்தரம் இல்லாமலில்லை; ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பத்து வினைகளான ‘பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட்’ என்பவற்றுள் ஒன்றுகூட ‘-எட்’ என்னும் பொதுவிதிக்கு உட்படுவதில்லை. ‘வென்ட்’ என்பது ‘கோ’வுக்குப் பிறந்ததே அன்று, ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினையின் இறந்தகாலம் பிற்காலத்தில் வந்து இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும், நில் என்பது நின்றான் ஆவதும், கல் என்பது கற்றான் ஆவதும், சொல் என்பது சொன்னான் ஆவதும், வா என்பது வந்தான் ஆவதும் எவ்விதத்தில் இதைவிட எளியவை? ஒரே ‘ல்’ என்னும் ஈறு மூன்று வழியில் பிரிந்து போவதை நம் பிள்ளை மூன்று வயதில் கற்றுக்கொண்டுவிட்டது. யாரும் அதற்குப் பட்டியல் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிற்று.

விதிக்குட்பட்ட வினைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தில் ‘-எட்’ என்று ஒரே வடிவமாக இருப்பது உச்சரிப்பில் மூன்றாகப் பிரிகிறது. ‘வாக்’ முதலியவற்றின் பின் வல்லோசையாகிய ‘ட்’டாகவும், ‘பிளே’ முதலியவற்றின் பின் மெல்லிய ‘ட்’டாகவும், ‘வான்ட்’ முதலியவற்றின் பின் ‘இட்’ என்றும் ஒலிக்கிறது. முன்நிற்கும் ஒலியே பின்வரும் ஒலியைத் தீர்மானிக்கிறது. நன்னூலார் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற் என்னும் ஒற்றுகளையும் இன் என்பதையும் கூறினார். செய்தான் என்பதில் தகரமும், உண்டான் என்பதில் டகரமும், நின்றான் என்பதில் றகரமும் வருவது முன்நிற்கும் ஒலியின் சார்பினால்தான். இரு மொழிகளுக்கும் இதனால் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய உறவு எதுவுமில்லை. எனினும், ‘வாக்கெட்’ என்று எழுத்துக்கூட்டி உச்சரிக்கும் பிள்ளையிடம், ‘உண்தான் என்று நீ சொல்வதுண்டா?’ என்று ஒரு முறை கேட்டால், ஒலி ஏன் மாறுகிறது என்பதை அது தானே உணரும்.

வினாவிலும் எதிர்மறையிலும் நேரும் பிழை மிகவும் பிடிவாதமானது. ‘டிட் யூ வென்ட்?’ என்றும், ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்றும் பட்டம் பெற்றவர்களும் எழுதுகிறார்கள். இங்கே தமிழ் செய்வது என்ன? ‘போனான்’ என்பதை மறுக்கும்போது ‘போகவில்லை’ என்கிறோம். முற்றுவினை தன் காலத்தையும் விகுதியையும் களைந்துவிட்டுப் ‘போக’ என்ற வெறும் எச்சமாக நிற்கிறது. மறுக்கும் காரியத்தை ‘இல்லை’ ஏற்றுக்கொள்கிறது. இன்றைய உரைநடையில் ‘போனான் இல்லை’ என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்திலும் இதுவே நிகழ்கிறது. ‘வென்ட்’ தன் காலத்தை ‘டிட்’டிடம் ஒப்படைத்துவிட்டுக் ‘கோ’ என்ற பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வேறுபாடு ஒன்றே: நம் ‘இல்லை’ காலத்தைக் காட்டுவதில்லை, அவர்களுடைய ‘டிட்’ காட்டுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு ஆதிமுதல் இருந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பின் பரவிப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றது. ‘போக’வையும் ‘கோ’வையும் எதிரெதிரே எழுதிக் காட்டிய ஆசிரியர், ‘டிட் நாட் வென்ட்’ என்பதைத் திருத்த வேண்டிய அவசியம் வெகுவாகக் குறையும் என்பது என் நம்பிக்கை.

பிரதிப்பெயர்களில் எழுவாயைவிடச் செயப்படுபொருளே அதிகத் தொல்லை தருவது. இதற்கு இந்த வட்டாரத்துத் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுகிறேன். வேப்பூரை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே இருக்கிறது. அங்கே ஒரு தொழிலாளி கிண்ணம் செய்யும் விதத்தைத் தமிழில் இவ்வாறு சொல்வோம்: ‘களிக்குழம்பை அச்சில் ஊற்றினார், இறுகியதும் அச்சிலிருந்து எடுத்தார், வெயிலில் உலர்த்தினார், சூளையில் வைத்தார்.’ எடுத்தது எதை, உலர்த்தியது எதை, வைத்தது எதை என்று நாம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆங்கிலமோ, ‘ஹி போர்ட் தி கிளே இன்டு தி மோல்ட், ஹி டுக் இட் அவுட் ஆஃப் தி மோல்ட், ஹி டிரைட் இட் இன் தி சன், ஹி புட் இட் இன்டு தி கில்ன்’ என்று ஒவ்வொரு வினைக்கும் முன்னே ஒரு ‘ஹி’யையும், முதல் வினை ஒழிந்த ஏனையவற்றின் பின்னே ஓர் ‘இட்’டையும் வாங்காமல் விடுவதில்லை. ‘ஹி டுக் அவுட்’, ‘ஹி டிரைட் இன் தி சன்’ என்று ‘இட்’டை விட்டுவிட்டு எழுதுவது நம்மவர் ஆங்கிலத்தில் மிகச் சாதாரணம், அது தமிழ் ‘அதை’ என்பதை விட்டுவிடும் பழக்கத்தின் நேரான விளைவு.

இந்நான்கனுள் பின்னைய மூன்று வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும் நாம் பேசும் மூன்றும் ஒருங்கே இயங்குகின்றன: ஓர் இறந்தகால வினை, இரு பிரதிப்பெயர், ஒரு முன்னிடைச்சொல். கதவை நோக்கி நடக்கும் ஆசிரியரின் செயலைவிட, தன் தகப்பனோ தமையனோ சூளையில் செய்ததைப் பிள்ளை சொல்வது எத்துணையோ உயிருள்ள பாடம் அல்லவா? பிரான்சுவா கூவான் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1880இல் தம் நூலில் வலியுறுத்தியதும் இதுவே. ஒரு காரியத்தை அதன் படிகளாகப் பிரித்து, நடக்கும் வரிசையிலேயே வாக்கியங்களாகக் கோத்துக் கற்பித்தால், வினைகள் மனத்தில் தாமாகத் தங்கும் என்றார் அவர். அவருடைய இத்தொடர்முறை பின்னால் பலராலும் மறக்கப்பட்டது; விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது.

மேற்கூறிய நான்கு செயல்களையும் தமிழில் இன்னும் இயல்பாகச் சொல்வதாயின், ‘ஊற்றி, எடுத்து, உலர்த்தி, சூளையில் வைத்தார்’ என்போம். முதல் மூன்றும் இறந்தகால வினையெச்சங்கள், ஒன்றே முற்று. காலமும் இடமும் கடைசி வினை ஒன்றில் மட்டும் விகுதியோடு விளங்க, ஏனையவை அதனை நோக்கி ஓடி முடிகின்றன. ஆங்கிலத்தில் நான்கும் முற்றாக, நான்கும் இறந்தகால வடிவத்தில் நிற்க வேண்டும். சந்தைக்குப் போய் ஆடு வாங்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார் என்பதை மாணாக்கர் பலர், ‘ஹி கோ டு மார்க்கெட், பை கோட், அண்ட் பிராட்’ என்று கடைசி வினையை மட்டும் இறந்தகாலத்தில் வைத்து எழுதுவதன் காரணம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் ஆங்கிலச் சொற்களால் வினையெச்சம் எழுதுகிறார்கள். அது பிழைதான், ஆயினும் தன் மொழியின் இலக்கணத்தைச் செம்மையாக அறிந்த ஒரு மனம் செய்யும் பிழை.

மரியாதையும் இங்கே குறுக்கிடுகிறது. ‘அப்பா வந்தார்கள்’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை, ‘மை ஃபாதர்’ என்று தொடங்கியபின் ‘ஹி’ என்று சொல்ல மனம் கூசி ‘தே’ என்று எழுதுவதுண்டு. ஆசிரியரை ‘யூ’ என்று அழைக்கவும் தயங்குவதுண்டு. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் முன்பு இருந்து பின்பு மறைந்தது. ‘யூ’ என்பதே அவர்களுக்கு ‘நீங்கள்’ என்பதைச் சொல்லிவிட்டால், அந்தத் தயக்கம் நீங்கும். நாம், நாங்கள் என்ற வேறுபாட்டைக் கைவிட்டு இரண்டுக்கும் ‘வி’ என்று ஒன்றையே வைத்துக்கொள்வதில் மட்டும், நமக்கு ஓர் அழகிய நுட்பத்தை இழக்கும் உணர்ச்சி ஏற்படுகிறது. அதற்குப் பரிகாரம் இல்லை.

முன்னிடைச்சொற்களுக்கு வருவோம். ஆங்கிலமும் ஒரு காலத்தில் பெயர்களின் ஈற்றில் வேற்றுமை உருபுகளை உடையதாயிருந்தது. பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் இடையே அவை பெரும்பாலும் தேய்ந்து மறைய, அவற்றின் பாரத்தை முன்னிடைச்சொற்களும் சொற்களின் வரிசையும் ஏற்றுக்கொண்டன. ‘ஹி, ஹிம், ஹிஸ்’ என்னும் பிரதிப்பெயர்களில் பழைய வேற்றுமையின் எச்சம் இன்றும் நிற்கிறது. அவன், அவனை, அவனுடைய என்று பழகிய நமக்கு அது அந்நியமானதன்று. நம் இலக்கணத்திலும் ஏழாம் வேற்றுமைக்குக் ‘கண்’ என்பதை முதலாக வைத்து, உள், மேல், கீழ், முன், பின் முதலிய இடச்சொற்களை அதன் இனமாகத் தொல்காப்பியரும் நன்னூலாரும் எண்ணியிருக்கிறார்கள். ‘இன், ஆன், அண்டர், பிஃபோர், பிஹைண்ட்’ என்பவை இவற்றுக்கு நேர் நிற்பவை. ஆகவே, எட்டு வேற்றுமைகளைத் தமிழாசிரியரிடம் கற்றுவிட்டு, அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியரிடம் முன்னிடைச்சொற்களை அறியாப் பொருளாகக் கற்க உட்காரும் மாணாக்கனுக்கு, அவ்விரு பாடமும் ஒன்றே என்பதை யாரேனும் சொல்லியாக வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே நாளில் ஒரே கரும்பலகையில் இதனைச் சேர்ந்து எழுதிக் காட்டும் பள்ளியை நான் காண விரும்புகிறேன்.

ஆயினும் ஒப்பீடு எங்கும் ஒரே சீராகச் செல்வதில்லை. ‘இல்’ என்னும் ஓர் உருபு, பையில் என்னும்போது ‘இன்’ ஆகவும், சுவரில் என்னும்போது ‘ஆன்’ ஆகவும், வாசலில் என்னும்போது ‘அட்’ ஆகவும் பிரிகிறது. பேனாவால் எழுதினான் என்பதில் உள்ள ‘ஆல்’ கருவியைக் குறிப்பதால் ‘வித்’. அவனால் எழுதப்பட்டது என்பதில் வினைமுதலைக் குறிப்பதால் ‘பை’. பத்து மணிக்கு என்பது ‘அட் டென்’. வெள்ளிக்கிழமை என்று உருபின்றி நிற்பது ‘ஆன் ஃப்ரைடே’. தை மாதத்தில் என்பதுபோல மாதம் வரும்போது ‘இன்’. இன்னும் கடினமானவை, தமிழில் உருபு நிற்கும் இடத்தில் ஆங்கிலம் எதையும் வேண்டாத வினைகள். அவனிடம் சொன்னேன் என்பதனால் ‘ஐ டோல்ட் டு ஹிம்’ என்றும், அவனிடம் கேட்டேன் என்பதனால் ‘ஐ ஆஸ்க்ட் டு ஹிம்’ என்றும், வேப்பூருக்கு வந்து சேர்ந்தேன் என்பதனால் ‘ஐ ரீச்ட் டு வேப்பூர்’ என்றும், அதைப்பற்றி விவாதித்தோம் என்பதனால் ‘வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்’ என்றும் எழுதிவிடுகிறோம். இவ்வினைகள் ஆங்கிலத்தில் செயப்படுபொருளை நேரே தழுவுபவை. இடையில் எதையும் பொறா. எதிர்ப்பக்கத்தில், எனக்குப் பசித்தது, எனக்குத் தெரிந்தது என்று நாம் நான்காம் வேற்றுமையில் வைக்கும் ‘எனக்கு’ அங்கே ‘ஐ’ என்ற எழுவாயாகிவிடுகிறது.

இத்தகைய இடங்களில் விதி சொல்வது பயன் தராது. வாக்கியத்தை முழுதாக, பொருள் உள்ள சந்தர்ப்பத்தில், பலமுறை கேட்கவும் சொல்லவும் வேண்டும். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய தென்னிந்திய ஊர்களின் சில பள்ளிகளில் நடத்திய பரிசோதனை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வாக்கிய அமைப்புகளின் பட்டியலையே ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற காரியங்களைக் கொடுத்து, மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே படியும் என்று அவர் வாதித்தார். 1987இல் வெளிவந்த அவர் நூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அவருடைய கொள்கையை முழுதும் ஏற்பதற்கு எனக்குத் தடை உண்டு. நாள்தோறும் ஆங்கிலம் காதில் விழாத ஊரில், ஒரு வகுப்பு மணி நேரத்தில் படிவதை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. எங்கே தமிழும் ஆங்கிலமும் பிம்பமாக எதிர்நிற்கின்றனவோ அங்கே ஒப்பிட்டுக் காட்டுவது காலத்தை மிச்சப்படுத்தும். எங்கே அவ்வாறு நிற்கவில்லையோ, அங்கே பிரபுவின் வழி சிறந்தது. தமிழகம் 1968இல் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிய பிறகு, ஆங்கிலம் ஒரு சிலருடைய படிப்பாயிராமல் ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளையின் படிப்பும் ஆகிவிட்டபடியால், இவ்விரண்டில் எதையும் இழக்க நமக்கு வசதியில்லை.

வினையும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் பெறும் தொடர்களைக் கடைசியாக வைக்க வேண்டும். ‘லுக்ட் அட்’ என்பது பார்த்தான். ‘லுக்ட் ஃபார்’ என்பது தேடினான். ‘லுக்ட் இன்டு’ என்பது விசாரித்தான். உருபைக்கொண்டு பொருளை ஊகிக்க இங்கே இடமில்லை. ஆயினும் ‘ஷி லுக்ட் ஆஃப்டர் ஹிம்’ என்பதை மட்டும் நம் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்; பார்த்தாள் என்னும் வினையோடு ‘கொள்’ சேர்ந்து ‘அவனைப் பார்த்துக்கொண்டாள்’ என்று நிற்கும் வாக்கியத்தை வீட்டில் அவர்கள் முன்பே அறிவார்கள்; ஏனைய தொடர்களையும் தமிழின் இத்தகைய துணைவினைகளோடு இணைத்துத் தொகுத்தால், ஒரு நல்ல சிறு நூலாகும்.